சில்லறையைப் பார்க்கும் கண்

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் ராட்டினத்துக்கும் பொரிகடலைக்குமாக நோட்டை மாற்றிவிட்டு, பை கனக்க வீடு திரும்பும் தேனிக்காரர் ஒருவர், அந்தச் சில்லறையை மேஜைமேல் கொட்டி, பகல் வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடியுடன் அரைமணி நேரம் உட்காருவாராயின், அதிருஷ்டம் கிட்டாவிட்டாலும் ஆனந்தத்துக்குக் குறைவிராது.

முதலில் நோக்க வேண்டிய ஸ்தானம் ஆண்டு எண்ணின் அடி. அங்கே சிறு வைரம் இருந்தால் அடித்த நாணயச்சாலை மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையேல் கல்கத்தா. ஒரே வருஷத்து நாணயம் ஒரு சாலையில் ஏராளமாகவும் மற்றொன்றில் சொற்பமாகவும் அடிக்கப்பட்டிருக்கக் கூடுமாதலால், சேகரிப்போர் தரும் விலை இந்தக் கடுகளவு அடையாளத்தைப் பொறுத்தும் ஏறி இறங்குகிறது.

அடுத்தது முகம். 1995-இல் தஞ்சையில் கூடிய எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியான வள்ளுவர், நூற்றாண்டு கண்ட காமராஜர், தம் தமிழ்க் கையொப்பத்துடன் விளங்கும் அண்ணா, ஆயிரம் ஆண்டு நிறைந்த தஞ்சைப் பெரிய கோவில் ஆகிய இவையெல்லாம் புழக்கத்திலும் வந்தவையாதலின், தேய்ந்த பிரதிக்கு வியாபாரி பெரிதாக ஒன்றும் தரமாட்டார், தேயாததற்கே மரியாதை. போடியில் ஏலக்காயைப் பருமனும் பச்சையும் பார்த்துத் தரம் பிரிப்பவருக்கு இந்த நியாயத்தை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால், பளபளப்பை விரும்பிப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்; பிறவிப் பிரகாசம் போய், விலையும் அதனுடனே போய்விடும்.

அச்சு விலகி, உருவம் ஓரத்தில் சரிந்து பதிந்த பிழை நாணயமே நல்ல விலை போவது. தண்டவாளத்தில் நசுங்கியதும் சுத்தியலடி பட்டதும் அந்த ஜாதியில் சேரா.

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த நாணயத்துக்கு லக்ஷங்கள் கிடைக்கும் என்று செல்பேசியில் வரும் செய்திகளை நம்பி முன்பணம் கட்டுவோரைக் கண்டு பரிதாபமே உண்டாகிறது. தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் பறிப்போரைக் குறித்து ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான வேடிக்கை பத்து ரூபாய் நாணயத்துக்கு நேர்ந்தது. செல்லாது என்ற வதந்தியால் தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் அதை வாங்க மறுத்தார்கள். அதுவரை வெளிவந்த பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டியதாயிற்று. ரூபாய்க் குறி உள்ளது, இல்லாதது என்று தேடிப் பதினான்கையும் சேர்க்க 140 ரூபாய்தான் செலவு. தள்ளிவிடக் காத்திருக்கும் கடைக்காரர் ஒருவர் தெருவில் இருந்தால், அவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.