குனிந்து பார்க்க வேண்டிய குழாய்

பிக்கப் ட்ரக்கின் அழகு எது என்று கேட்டால் எல்லோரும் முகப்பைக் காட்டுவார்கள். சிலர் பெயிண்டைச் சொல்வார்கள். நான் உங்களை வண்டிக்கு அடியில் அழைக்கிறேன். லிஃப்டில் ஏற்றி நிறுத்திய ஒரு செவர்லே சில்வராடோ. கலிஃபோர்னியாவில் பதிவான வண்டி. எட்டு சிலிண்டர், 5.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். கம்பெனி கொடுத்த சைலன்சர் போய்விட்டது. அந்த இடத்தில், இந்த ஒரு வண்டிக்கென்றே அளந்து வெட்டிப் பற்றவைத்த புதுக் குழாய்கள் இரண்டு, சேஸிஸை உரசாமல், டிரைவ் ஷாஃப்டை நெருங்காமல், பின்பக்கம் வரை வழுவழுவென்று ஓடுகின்றன. செய்தவருக்கு இரண்டு கடமைகள். காதுக்கு இதமாக இருக்க வேண்டும். 'ஸ்மாக் செக்' என்று அங்கே சொல்லும் புகைச் சோதனையிலும் தேற வேண்டும். இரண்டையும் ஒரே வேலையில் சாதித்துவிட்ட கையைத்தான் நாம் ரசிக்கப் போகிறோம்.

ஒலியிலிருந்து தொடங்குவோம். இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஆதி தாளம் போல எட்டு எண்ணுங்கள். இடக்கை 1, 3, 6, 8-இல் விழட்டும். வலக்கை 2, 4, 5, 7-இல். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பிசகில்லாத எட்டு. இடக்கையை மட்டும் கேளுங்கள்: ஒரு நிதானம், ஒரு நீண்ட காத்திருப்பு, மறுபடி ஒரு நிதானம், பிறகு சட்டென்று ஒரு அவசர அடி. வலக்கையும் அதே நடைதான், வேறு இடத்தில் எடுப்பு. இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் 1-8-7-2-6-5-4-3 என்ற வரிசையில் வெடிக்கின்றன. ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். ஆகவே மொத்த எஞ்சின் சீராக ஓடினாலும் ஒவ்வொரு பக்கத்துக் குழாயும் தன்னளவில் தத்தித் தத்திப் பாடுகிறது. அமெரிக்க வி-8 எஞ்சினின் அந்தக் குமுறும் அடிக்குரல் இந்தத் தத்தலில் பிறப்பதுதான்.

இப்போது பாருங்கள், இரண்டு குழாய்களும் ஓரிடத்தில் ஒன்றோடொன்று இணைகின்றன. நடுவே ஒரு குறுக்குக் குழாயை மட்டும் பாலமாகப் போட்டால் இரு பக்க அழுத்தமும் சமனாகும். தத்தல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரண்டையும் குறுக்காக மோதவிட்டு எக்ஸ் வடிவில் பிரித்தால் இரு கைகளும் கலந்து, குரல் மெலிந்து, நெருக்கமாகி, மேலேறும். இங்கே வேலை செய்தவர் பாலத்தையே தேர்ந்திருக்கிறார். சரியான முடிவு என்பேன். சுமை இழுக்கும் வண்டிக்குக் கீச்சுக் குரல் பொருந்தாது.

ஆனால் இந்தக் குழாய்கள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். எஞ்சினிலிருந்து அல்ல. எஞ்சினை ஒட்டி, இரு பக்கமும் ஒவ்வொன்றாக, கேட்டலிடிக் கன்வெர்ட்டர்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றை அவர் தொடவே இல்லை. கலிஃபோர்னியாவில் அவற்றை இடம் மாற்றக் கூடாது. மாற்றிப் போடுவதானால் மாநிலக் காற்று வள வாரியம் ஒப்புக்கொண்டதையே போட வேண்டும். அவற்றுக்கு முன்னாலுள்ள ஹெடர் குழாய்களை மாற்றுவதற்கும் வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள நிலம்தான் கைவினைஞருக்கு விட்டுவைத்தது. அந்த எல்லைக்கோட்டில் பணிவாகக் கைகட்டி நின்றுவிட்டு, அதற்கு அப்பால் தன் வித்தை முழுவதையும் காட்டியிருப்பதுதான் இந்த வேலையின் பெருந்தன்மை.

தொடாமல் விட்டதற்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் நாமும் தொட மாட்டோம். துருவேறிய தகரக் கூட்டுக்குள் ஒரு பீங்கான் தேன்கூடு. ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 கண்கள். சுவர்களின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். 1970-களின் தொடக்கத்தில் கார்னிங் நிறுவனத்தில் ராட்னி பாக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ் ஆகிய மூவரும் இந்தப் பீங்கானுக்கு உருக்கொடுத்தார்கள். 1975-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்கக் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. அந்த நுண்சுவர்களின் மேல் அலுமினா பூச்சு; அதில் சிதறிய சில கிராம் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஒருமுனையில் நுழைகின்றன. மறுமுனையில் பெரும்பாலும் கரியமிலவாயுவும் நீராவியும் நைட்ரஜனுமாக வெளிவருகின்றன. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். எனக்கு மிகவும் பிடித்தது அதிலுள்ள சீரியம் ஆக்சைடு. ஆக்சிஜன் மிகும்போது வாங்கிச் சேமித்து, குறையும்போது திருப்பிக் கொடுக்கும் அதன் தாராள குணம் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் திணறிப்போகும். சூடேறினால்தான் இவையெல்லாம் விழிக்கும். ஏறக்குறைய 250 முதல் 300 பாகை செல்சியஸ் வேண்டும். எஞ்சினை ஒட்டி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்தத் தேன்கூட்டைக் கம்பியால் குத்தி உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் கூட்டை மாட்டிக்கொண்டு, 'சவுண்டு பார்த்தீங்களா' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி இதற்குமேல் எழுத இங்கே இடமில்லை.

காற்றின் மீதான இந்த அக்கறைக்கு வேர் வைத்தவரின் கதையும் ரசமானது. ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர், கால்டெக் ஆய்வுக்கூடத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அந்த மூக்கையே லாஸ் ஏஞ்சலஸின் கண்ணெரிச்சல் காற்றின் பக்கம் திருப்பினார். வாகனப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் வெயிலில் வெந்து அந்த மூட்டமாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். பின்னாளில் காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

சரி, எல்லைக்கோட்டுக்கு வருவோம். கன்வெர்ட்டரை அடுத்து ஒரு ஆக்சிஜன் சென்சார் செருகியிருக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள இன்னொரு சென்சாரின் மின்னழுத்தம் ஓயாமல் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். பின்னால் உள்ளது, தேன்கூடு நலமாக இருந்தால், அமைதியாக ஒரே கோட்டில் நிற்கும். அந்த அமைதியைத்தான் வண்டியின் கணினி நம்புகிறது. புதுக் குழாயின் முதல் இணைப்பு இந்தச் சென்சாருக்குப் பக்கத்திலேயே வருகிறது. அங்கே ஊசித்துளை இருந்தாலும், புகைத் துடிப்புகளுக்கு நடுவே எழும் தாழ்வழுத்த அலை வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிவிடும், சென்சார் குழம்பும். ஆரோக்கியமான கன்வெர்ட்டரின் மேலேயே பி-0420 என்ற பிழைக்குறியாகப் பழி விழுந்தாலும் விழும். ஆகவே அந்த முதல் வெல்டிங் தழும்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த சின்னச் சின்ன அலைகள், எல்லாம் ஒரே அகலம், எங்கும் ஒரு தயக்கமில்லை. அந்தச் சீர்மை அலங்காரமாகவும் இருக்கிறது, அடைப்பாகவும் இருக்கிறது.

தழும்பின் ஓரத்தில் இளமஞ்சளாக ஒரு பொன் நிழல் படிந்திருக்கிறதே, அது சாயமில்லை. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பதினெட்டு சதவீதம் குரோமியம், எட்டு சதவீதம் நிக்கல். சூட்டில் அதன் மேல் படரும் ஆக்சைடு படலத்தின் கனத்துக்கு ஏற்ப ஒளி நிறம் மாறுகிறது: முதலில் வைக்கோல், பிறகு பொன், பிறகு ஊதா, அதையும் தாண்டினால் நீலம். இங்கே பொன்னோடு நின்றுவிட்டது. சூட்டை அளந்து கொடுத்த கை என்பதற்கு அதுவே சாட்சி. உள்பக்கத்தை நாம் பார்க்க முடியாது. ஆனால் பற்றவைக்கும்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் வாயுவை நிரப்பியிருப்பார். நிரப்பாவிட்டால் உட்பக்கத் தழும்பு சர்க்கரை பூத்தாற்போலப் பொருக்குத் தட்டி, புகையின் வழியைச் சொரசொரப்பாக்கும். யாரும் பார்க்காத பக்கத்துக்கும் அதே கவனம்.

வளைவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே மாண்ட்ரல் என்ற தாங்குதண்டு கொடுத்து வளைத்தவை; பின் ஆக்ஸிலுக்கு மேலே ஏறி இறங்கும் இடத்திலும் வட்டம் நசுங்கவில்லை. சுமையேற்றினால் ஆக்ஸில் மேலே வரும் என்று கணக்கிட்டு அங்கே தாராளமாக இடம் விட்டிருக்கிறார்.

என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது, புதுச் சைலன்சருக்குப் பின்னால் ஒவ்வொரு குழாயிலிருந்தும் கிளைத்து, ஜே வடிவில் மடங்கி, முனை மூடிக்கிடக்கும் அந்தக் குருட்டுக் குழாயில். அதன் வழியே புகை எங்கும் போவதில்லை. தெரியாதவர்கள் வீண் இரும்பு என்பார்கள். நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடும்போது எட்டு சிலிண்டர் எஞ்சின் விநாடிக்கு 120 முறை வெடிக்கிறது. அந்த 120 ஹெர்ட்ஸ் முனகல் கேபினுக்குள் புகுந்து மணிக்கணக்கில் காதை அரிக்கும். சூடான புகைக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், கால் அலையின் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நீளத்தில் ஒரு முட்டுச்சந்து வைத்தால் முனகல் உள்ளே போய், மூடிய முனையில் மோதித் திரும்பி, சரியாக அரை அலை தாமதமாகத் தன் வாசலுக்கே வந்து, அங்கே புதிதாக வரும் முனகலைத் தழுவி இரண்டும் அடங்கிவிடுகின்றன. மற்ற சுருதிகளுக்கு ஏறக்குறைய ஒரு தடையும் இல்லை. பஞ்சு அடைக்கவில்லை, தடுப்பு வைக்கவில்லை, புகையின் பாதையை இம்மியும் நெருக்கவில்லை. வெறும் நீளத்தால் ஒரு குறிப்பிட்ட ஓசையை மட்டும் பெயர் சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறார். எத்தனை மென்மையான கண்டிப்பு!

குழாயை ஏந்திப் பிடித்திருக்கும் ரப்பர் தொங்கல்களையும் தாண்டிப் போய்விடாதீர்கள். மூன்று மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 300 பாகை சூடேறினால் சுமார் 15 மில்லிமீட்டர் நீள்கிறது. இறுக்கிக் கட்டியிருந்தால் தழும்புகள்தான் அந்த நீட்சிக்கு விலை கொடுக்கும். இங்கே எல்லாத் தொங்கல்களும் குளிர்ந்த நிலையில் இலேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கின்றன, சூடேறும்போது நிமிர்ந்துகொள்ளும். குழாய்க்கு மூச்சுவிட இடம் வைத்துக் கட்டியது.

பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது கணினியைக் காக்கும் வழக்கம். ஆனால் கழற்றினால் கணினியின் சுயபரிசோதனை நினைவுகள் அழிந்துவிடும். வேலை முடிந்த கையோடு புகைச் சோதனைக்குப் போனால், குழாயில் குற்றமில்லாமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2000 மாடலிலிருந்து பெட்ரோல் வண்டிகளுக்கு, எரிபொருள் ஆவிச் சோதனை ஒன்றைத் தவிர மற்ற எல்லாச் சுயபரிசோதனைகளும் முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் தெரிந்த கைவினைஞர், 'கொஞ்ச நாள் ஊருக்குள்ளேயும் ஹைவேயிலேயும் சாதாரணமா ஓட்டிட்டு அப்புறம் போங்க' என்று சொல்லி அனுப்புவார்.

சோதனையில் கண்ணால் பார்ப்பது கன்வெர்ட்டரையும் சென்சார்களையும். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் கம்பியைச் செருகிக் கணினியைக் கேட்பது. பின்னால் ஓடும் பொன்தழும்புக் குழாய்க்கு அங்கே மதிப்பெண் கிடையாது. ஆகவே இப்படி ஒரு வண்டி கண்ணில் பட்டால், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு, குழாய் ஆறியிருக்கும் நேரமாகப் பார்த்துக் குனியுங்கள். முதலில் அந்த ஜே வடிவக் குருட்டுக் குழாயைத் தேடுங்கள். இருந்தால், செய்தவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.