டோர் வலையமைப்பும் சிற்றூர்ப் பயனரும்: தரவோட்டக் கைரேகை ஆய்வுகள் மீதொரு திறனாய்வு

டோர் வலையமைப்பு தரவை மறைகுறியாக்கி மூன்று இடைக்கணினிகள் வழியே அனுப்புகிறது. ஆயினும் தரவுப் பொட்டலங்களின் எண்ணிக்கை, திசை, இடைவெளி ஆகியன பயனரின் இணையச் சேவையாளருக்குப் புலப்படுகின்றன. அவற்றைக்கொண்டு பயனர் திறந்த தளத்தை ஊகிப்பதே தரவோட்டக் கைரேகை முறை. 2018இல் சிரினம் குழுவினர் ஆழ்கற்றல்வழி 98 விழுக்காட்டுத் துல்லியம் கண்டனர். அது முன்னரே தெரிந்த 95 தளங்களுக்குள் பெற்ற வெற்றி. 2022இல் செருபின் குழுவினர் உண்மையான டோர் தரவோட்டத்தைக் கொண்டு சோதித்தபோது, 25 தளங்களுக்கே துல்லியம் 80 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

இதனால் இடர் குறைந்தது எனல் பிழை. இவ்விரு ஆய்வுகளும் ‘எந்தத் தளம்?’ என்றே வினவுகின்றன. ‘இவ்வூரில் டோரைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?’ என்பது அவற்றின் எல்லைக்குள் வரவில்லை. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு வெடிகுண்டு மிரட்டல் விடுத்த மாணவர் சிக்கியது கைரேகை முறையால் அன்று. அதற்குச் சற்று முன் வளாகக் கம்பியில்லா வலையமைப்பின் வழி டோரை அணுகிய பதிவினால்.

2022 ஜூலையில் கனியாமூர்ப் பள்ளிக் கலவரத்தைக் கண்ட சின்னசேலம் வட்டாரத்தில், தாம் அறிந்ததைப் பெயர் மறைத்துச் சொல்ல விழைபவருக்கு இவ்வழக்கே பொருத்தமான அளவுகோல். டோரின் நுழைவுக் கணினிகளது முகவரிகள் பொதுப்பட்டியலில் உள்ளவை. செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் ஆணையோ பதிவுகளை 180 நாள் பேணப் பணிக்கிறது. ஊரில் டோர் இணைப்பு ஒன்றே ஒன்றாயின், தகவல் வெளிவந்த நேரத்தோடு அதனை ஒப்பிட்டாலே போதும். தளத்தை ஊகிக்க வேண்டிய தேவையே எழாது. அத்தகையவருக்கு முதற்காப்பு, பட்டியலில் இடம்பெறாத பாலக் கணினி வழியே நுழைவது. கைரேகைத் தடுப்பு அதற்கு அடுத்ததே.