பழைய தீர்ப்பை ரத்து செய்வது யார் பொறுப்பு?

பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண் நியூயார்க் தெருவில் பிடிபட்டால், பல ஆண்டுகளாக நடந்தது இதுதான்: மறுநாள் கோர்ட்டு, "ஒப்புக்கொண்டால் இன்றைக்கே போகலாம்" என்ற யோசனை, சில நிமிடங்களில் தீர்ப்பு. அவரை அனுப்பிய ஆள் வெளியே காத்திருக்கும்போது உண்மையைச் சொல்ல எங்கே தைரியம் வரும்? இப்படி ஒருவர் மேலேயே பல தீர்ப்புகள் சேர்ந்தன. தப்பித்து வந்த பிறகும் வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, குடியுரிமைக்கு என்று எங்கே விண்ணப்பித்தாலும் அவை முன்னால் வந்து நின்றன.

2010-ல் நியூயார்க் மாநிலம், அமெரிக்காவிலேயே முதலாவதாக, இவற்றை ரத்து செய்ய வழி திறந்தது. கடத்தப்பட்டதன் விளைவாகவே அந்தக் குற்றம் நடந்தது என்று மனுவில் நிறுவினால் போதும். பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் 'ரத்து' என்பதில் இருக்கிறது. சில மாநிலங்கள் பதிவை மூடி மட்டும் வைக்கின்றன. அங்கே குற்றம் குற்றமாகவே நீடிக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. திருந்திவிட்டார் என்றோ, நாடு கடத்தலிலிருந்து காப்பாற்றவோ தீர்ப்பை நீக்கினால், குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் தீர்ப்புதான் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2003-லேயே சொல்லிவிட்டது. தீர்ப்பே சட்டப்படி குறையுள்ளது என்று நீக்கினால்தான் பயன். கருணை காட்டி எழுதிய உத்தரவு, கருணைக்குரியவரையே கைவிடும்.

குறைகளுக்கு வருவோம். 2010 சட்டம் பாலியல் தொழில் தொடர்பான குற்றங்களோடு நின்றுவிட்டது. கடத்துகிறவன் அவ்வளவோடு நிற்பானா? போதைப்பொருளைக் கைமாற்றச் சொல்வான், கடையில் திருடச் சொல்வான். அந்தத் தீர்ப்புகளுக்கும் வழி கிடைக்க 2021 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வன்முறைக் குற்றங்களை விலக்கிவைக்கும் மாநிலங்கள் இன்றும் உண்டு. இன்னொருவர் காயப்பட்ட வழக்கை நீதிபதி தனியாக எடைபோடட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. மொத்தமாகக் கதவடைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய குறை, சுமை யார் தலையில் என்பது. பாதிக்கப்பட்டவர் என்று அரசுத்துறை ஆவணம் கையில் இருந்தால், சட்டமே அவர் பக்கம் அனுமானிக்கும். இல்லாதவர்? எந்த ஆண்டு, எந்த விடுதி, யார் அடித்தார்கள் என்று பிரமாணப் பத்திரத்தில் முதலிலிருந்து எழுத வேண்டும். ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டவர், தீர்ப்பு விழுந்த ஒவ்வொரு மாநிலத்திலும் அந்தந்தச் சட்டப்படி தனியாக மனுப் போட வேண்டும். ஒருவழியாக ரத்தானாலும், பின்னணி விவரம் விற்கும் தனியார் நிறுவனத்தின் கணினியில் பழைய பதிவு கிடக்கக்கூடும்.

பொய் சொல்லித் தப்பிப்பார்கள் என்பது வழக்கமான ஆட்சேபம். மனுவின் நகல் அரசு வழக்கறிஞருக்குப் போகிறது, அவர் எதிர்க்கலாம், முடிவு நீதிபதி கையில். பெரும்பாலும் தண்டனையை அனுபவித்து முடித்தவர்கள்தான் மனுப் போடுகிறார்கள். இதில் எங்கே தப்புவது?

2021 ஏப்ரலில் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ், முடியாமல் கிடந்த 5,994 வழக்குகளைத் தள்ளுபடி செய்யக் கோரினார். எல்லாம் பாலியல் தொழில், அதற்காகத் தெருவில் நின்றது, உரிமமில்லாத மசாஜ் ஆகிய வகை. பல பத்தாண்டுப் பழையவையும் இருந்தன. கோர்ட்டுக்கு வராமல் போனவர்களின் வழக்கு ஒரே மூச்சில் தீர்ந்தது. வந்து, ஒப்புக்கொண்டு, தண்டனையை முடித்தவர்களோ ஒவ்வொருவராக மனுப் போட வேண்டியிருக்கிறது!

அலுவலகமே முன்வந்து செய்ய முடியாத காரியமும் அல்ல இது. 2022 நவம்பரில் அதே அலுவலகம், தாங்களே குற்றவாளிகளாகிப்போன போலீஸ்காரர்களோடு தொடர்புடைய 188 சிறு குற்றத் தீர்ப்புகளைத் தேடி எடுத்து, ரத்து செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்டது. போலீஸின் பிழைக்குச் செய்ததைக் கடத்தப்பட்டவர்களுக்கும் செய்யலாம். வழக்குப் போட்ட அலுவலகமே தன் கோப்புகளைத் தேடிப் பார்த்து, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு மனுவையும் அதுவே போட வேண்டும்.