சுருக்கமும் முழுமையும்

விவரங்களைக் குவிக்கும் இயற்பண்புவாதத்தையும், சாரமானவற்றைத் தெரிந்தெடுத்து வகைமாதிரியைப் படைக்கும் யதார்த்தவாதத்தையும் லூக்காச் வேறுபடுத்தினார். பல்லளவு மூலக்கூற்றியக்க மென்பொருள்களை நோக்கும்போதும் இப்பிரச்சினையே எழுகின்றது.

பல்பகுதியங்கள், கல மென்சவ்வுகள் முதலிய மென்சடப்பொருள்களில் ஒவ்வோர் அணுவின் அசைவையும் கணினியிற் கணிப்பதாயின், நீண்டநேர நிகழ்வுகள் எட்டாதனவாகிவிடும். எனவே, குரோமாக்ஸ் போன்ற மென்பொருள்களில் அணுக்கூட்டங்களை ஒரே மணியாகக் கொள்ளும் மாதிரிகள் கையாளப்படுகின்றன. 2007இல் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் முதலானோர் வெளியிட்ட 'மார்டினி' மாதிரியில் நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு மணியாயின.

சுருக்கம் தவறன்று; அஃதின்றி அறிவே இல்லை. ஆயின் அதற்கு எல்லையுண்டு. ஐதரசன் பிணைப்புகள் தனித்தனியே இடம்பெறாத அந்நீர் சுமார் 290 கெல்வினிலேயே, அதாவது அறைவெப்பநிலைக்கு அண்மையிலேயே, உறையலாயிற்று. அதனைத் தடுக்க உறைவெதிர் மணிகளைப் புறம்பாகச் சேர்க்கவேண்டியதாயிற்று.

2013இல் நோபல் பரிசு பெற்ற கார்ப்பிளஸ், லெவிற், வார்ஷெல் ஆகியோர் காட்டிய வழி வேறு. வினை நிகழும் இடத்தைக் குவாண்டம் முறையாலும் அதன் சூழலை மரபுப் பௌதிகத்தாலும் ஒரே கணிப்பினுள் ஆராய்ந்தனர். முழுமையின் பொருட்டுப் பகுதியின் நுட்பத்தை அவர்கள் பலியிடவில்லை.

எமது திறனாய்வுக்கும் இது பொருந்தும். பாத்திரங்களை வர்க்கமென்னும் மணிகளாக்கி, அவற்றின் அகமுரண்களைத் தள்ளிவிட்டோம். படைப்பு எம் கையில் உறைந்துபோயிற்று. பிறகு அழகியல் பற்றிய ஓரிரு வாக்கியங்களைப் புறம்பாகச் சேர்த்தோம். வர்க்க ஆய்வைக் கைவிடுதல் இதற்குப் பரிகாரமன்று. முரண் கூர்மையுறும் இடத்தில் தனிமனிதனை நுணுகி நோக்குதலே பரிகாரம்.