கறளும் கவசமும்

2006 டிசெம்பர் இறுதியில், இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கடலில் கரைதட்டியது பரா-3 என்ற ஜோர்தானியச் சரக்குக் கப்பல். 14,000 தொன் அரிசியோடு இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் கரைக்குப் போனவர்கள் கண்டது கறள் ஏறிய அதன் கூட்டைத்தான். கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்குள்ளும் இரும்புக் கம்பிகள் இருந்தன. இரண்டிலும் ஏறும் கறளுக்கு, காற்றிலுள்ள ஒட்சிசன் இரும்பைத் தின்கிறது என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான்.

இரும்பை ஒட்சிசன் முதன்முதல் தொடும் கணத்தை மேற்பரப்பு இரசாயனம் மிக நுணுக்கமாகப் படித்திருக்கிறது. ஒற்றைப் பளிங்கை வெட்டி, மினுக்கி, வெற்றிட அறையில் வைத்து, ஒட்சிசனைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். தொர் என்ற அழுத்த அலகின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும், மோதுகிற மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால், ஏறக்குறைய ஒரு செக்கனில் மேற்பரப்பு நிரம்பிவிடும். இரும்பின்மேல் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து அணுக்களாகவே ஒட்டுகிறது. பொன்னின்மேல் அப்படிப் பிளப்பதில்லை. தாலி மங்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதன்பிறகு நடப்பதுதான் முக்கியம். உலர்ந்த ஒட்சிசனில், அறை வெப்பநிலையில், சில நனோமீற்றர் தடிப்புக்கு ஒட்சைட்டுப் படலம் வளர்ந்து, கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. பௌதிகவியலாளர்களான கபிரேராவும் மொற்றும் 1949இல் இதை விளக்கினார்கள். இலத்திரன்கள் மெல்லிய படலத்தைத் தாண்டி மேலேயுள்ள ஒட்சிசனிடம் போய்ச் சேர, அதனால் எழும் மின்புலம் உலோக அயன்களை வெளியே இழுக்கிறது; படலம் தடிக்கத் தடிக்க அந்த இழுவை தளர்ந்துபோகிறது. ஆக, ஒட்சிசன் தனியாக வந்தால் இரும்புக்குக் கவசம் போட்டுவிட்டு நின்றுவிடும். கொங்கிறீற்றுக்குள் கம்பி பல பத்தாண்டு கெடாமல் இருப்பதும் இந்தப் படலத்தால்தான். சீமெந்தின் கடுங்காரம் அதைக் காத்து நிற்கிறது. தாங்கி உடைந்து கம்பி மழைக்கு வெளிப்பட்டதும் அந்தக் காவல் போய்விட்டது.

கப்பலில் நடந்தது வேறு. தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை விட்டுப் பார்த்தால் போதும். ஒட்சிசன் எளிதில் சேர்வது துளியின் விளிம்பில். இரும்பு கரைந்து குழி விழுவதோ ஒட்சிசன் குறைந்த நடுவில். உலோக அரிப்பை ஆராய்ந்த எவான்ஸ் காட்டிய இந்தச் சோதனையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புக் குறைவதில்லை. ஒட்சிசன் ஒட்டிய இடத்தில் இரும்பு போவதில்லை! கரையும் இரும்பு விடும் இலத்திரன்கள் உலோகத்துக்குள்ளால் விளிம்புக்கு ஓடுகின்றன. குளோரைட்டு அயன் படலத்தைத் துளைக்கிறது, நீர் மின்சுற்றை மூடுகிறது. அலை அடித்து நனைந்து காய்ந்து மறுபடி நனையும் பகுதியே முதலில் உதிர்வது இதனால்தான்.

அப்படியானால் வெற்றிட அறை ஆய்வுகள் வீணா? அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பிளாற்றினத்தின்மேல் காபனோரொட்சைட்டு நெருங்கி அமர்ந்துவிட்டால் ஒட்சிசனுக்கு இடமில்லை. ஒட்சிசன் அமர்ந்திருக்கும்போதோ காபனோரொட்சைட்டு உள்ளே நுழைய முடிகிறது. இதைப் போன்றவற்றைத் தெளிவாக்கிய கெர்காட் ஏர்ட்டில் 2007இல் இரசாயன நோபல் பரிசு பெற்றார். வாகனப் புகைக்குழாயின் ஊக்கி வேலை செய்யும் விதம் இந்த வழியில்தான் விளங்கியது. வாயுவும் உலோகமும் மட்டும் சந்திக்கும் இடத்தில் இந்த முறையை விஞ்ச வேறில்லை.

கரையோரக் கறளுக்கு அது போதாது. வெற்றிட அறையில் துளியும் இல்லை, உப்பும் இல்லை, பழுதுபட்ட தகடும் இல்லை. இருந்தாலும், ஒட்சிசனைத் தனியே நிறுத்தி, அதனால் என்ன முடியாது என்று திட்டமாகக் காட்டியது அந்த அறைதான். அதனால் முல்லைத்தீவுக் கரையில் இரும்பைத் தின்றதற்கு முதற்பழியை நான் ஒட்சிசன்மேல் அல்ல, உப்பு ஈரத்தின்மேல் போடுவேன். கரையோரம் வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பில் உடனே ஒரு வேலை இருக்கிறது: கழுவாத கடல் மணலையும் உவர்க்கிணற்று நீரையும் கொங்கிறீற்றுக் கலவைக்குள் விடக்கூடாது, கம்பிக்கு மேல் போடும் கொங்கிறீற்றின் தடிப்பிலும் குறை வைக்கக்கூடாது.