சொற்களுக்கு முன்பிருந்த துயரம்

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் என்றதும் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைதான் நினைவுக்கு வரும். ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்துபோல் தோன்றி வாசிக்க முடியாமல் நிற்கும் வரிகள். 1963இல் தொடங்கிய அந்த வரிசை அவருக்கு அழியாத இடத்தைப் பெற்றுத் தந்தது. ஆனால் அதற்கு முன், ஐம்பதுகளில் அவர் கிறிஸ்துவையும் காந்தியையும் பாவத்தையும் வரைந்த ஓவியங்களை வெறும் பயிற்சிக்காலம் என்று பலரும் கடந்துபோகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், தந்தித் துறை வேலையை விட்டுவிட்டு, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். கேரளத்து நீர்நிலைகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயரெடுத்தவர் பணிக்கர். அந்த அழகிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ மனிதத் துன்பத்தின் பக்கம் திரும்பினார். இயேசுவின் மலைப்பொழிவின் வாசகம் ஒன்றைத் தலைப்பாக்கிய ஓவியத்தில் காந்தியைக் கொண்டுவந்தார். பிரிவினையும் காந்தி கொலையும் ஆறாத காயமாக இருந்த ஆண்டுகள் அவை. கிறிஸ்தவராகப் பிறக்காத ஒருவர் விவிலியத்தைத் தம் நாட்டுத் துக்கத்தின் மொழியாக எடுத்துக்கொண்டது பெரிய துணிச்சல்.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. 'பாவி' போன்ற தலைப்பை மறைத்துவிட்டு அந்தப் படங்களைப் பார்த்தால் கனம் பாதியாகிவிடுகிறது. காந்தியையும் இயேசுவையும் கண்டவுடன் நம் மனம் தானாகவே இளகுகிறது. அந்த இளக்கத்தை வண்ணம் சம்பாதிக்கவில்லை, கதை கடனாகக் கொடுக்கிறது. கோட்டிலும் நிறத்திலும் வான்கோ, கோகன் சாயல் விலகாமல் நிற்கிறது. அவருடைய சென்னைச் சகா எஸ்.தனபால் செய்த சிலுவை சுமக்கும் இயேசுவில் சிற்பத்தின் பாரமே வேதனையாகிறது. பணிக்கரின் கேன்வாஸில் அந்தப் பாரம் அபூர்வமாகத்தான் இறங்குகிறது.

1954இல் ஐரோப்பா சென்று வந்தபின் இந்தியத்தன்மை என்னும் கேள்வி அவரை விடவில்லை. உருவம் மெல்லக் கரைந்து குறியீடாயிற்று. இரவல் நடை ஒழிந்து அவருக்கே உரிய மொழி அமைந்தது, உண்மை. கூடவே, அழும் மனிதனும் போய்விட்டான். சொற்களும் குறியீடுகளும் வரிசையின் முன் வியந்து நிற்கிறேன். ஆனால் அவற்றில் யாருடைய வலியையும் நான் உணர்ந்ததில்லை. குறைகள் மலிந்த அந்த ஐம்பதுகளின் படங்கள் ஒரு முகத்தை நேராகப் பார்க்கச் சொல்கின்றன.

அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ரயிலேறி அவர் பயின்று, பின்னர் முதல்வராகவும் இருந்த அந்த ஓவியப் பள்ளிக்கு, இன்றைய கல்லூரிக்கு, வரும் மாணவர்களுக்கு இரண்டு பணிக்கரையும் ஒரே சுவரில் காட்ட வேண்டும். எதைப் பெற எதை இழந்தார் என்று அவர்களே அளந்து பார்க்கட்டும்.