இரட்டையரை அறிவிக்கும் படநூல்கள்

உருவொத்த இரட்டையருள் இன்னார் யாரெனக் கண்டுபிடிக்கக் குழந்தையை அழைக்கும் படநூல்கள் பெரும்பாலும் ஒரே உத்தியையே கையாளுகின்றன. ஒருத்திக்குச் சிவப்பு நாடா, மற்றவளுக்கு நீல நாடா. அல்லது ஒருவன் கன்னத்தில் மட்டும் ஒரு மச்சம். குழந்தை விரலால் தொட்டுக் காட்டுகிறது; தாள் மடிப்பைத் தூக்கி விடையைச் சரிபார்க்கிறது. எரிக் ஹில் 1980இல் வெளியிட்ட 'ஸ்பாட் எங்கே?' என்ற நூலில் இம்மடிப்பு விளையாட்டு சிறப்பாகவே அமைந்தது. ஆனால், அங்கே தேடப்படுவது ஒளிந்திருக்கும் நாய்க்குட்டி. ஆளை அறிவதற்கும் அது போதுமா? நாடாவை மாற்றிக் கட்டினால் அக்காள் தங்கையாகிவிடுகிறாள்! குழந்தை கற்றது நிறத்தையேயன்றி அச்சிறுமியை அன்று. சீருடையில் வரும் இரட்டையரை அவர்கள் அமரும் இருக்கையைக் கொண்டே அறியும் ஆசிரியரும் இக்குறைக்கு விலக்கல்லர்.

ஓவியரை மட்டும் பழிப்பது முறையாகாது. பெற்ற தாய் நடையாலும் குரலாலும் சிரிப்பாலும் பிள்ளைகளைப் பிரித்தறிகிறாள். அசைவும் ஓசையும் இல்லாத தாளில் இவற்றைக் காட்ட இயலாமையால் ஓவியர் சின்னத்தை நாடுகிறார்.

எனினும் வேறு வழி இல்லாமலில்லை. லூயிஸ் கரோல் 1871இல் வெளியிட்ட ஆலிசின் இரண்டாம் கதையில் ட்வீடில்டம், ட்வீடில்டீ என்னும் இருவர் வருகின்றனர். அவர்தம் கழுத்துப்பட்டைகளில் பெயரின் பின்பாதி தைக்கப்பட்டுள்ளது. ஆயினும் கிலுகிலுப்பை கெட்டுப்போனதைக் கண்டதும் ஒருவன் சினந்து துள்ளுகிறான். மற்றவனோ குடைக்குள் தன்னையும் சேர்த்து மடக்கிக்கொள்ளப் பார்க்கிறான். ஜான் டென்னியல் வரைந்த அப்படத்தைக் கண்ட பின்னர்க் கழுத்தெழுத்தை யார் தேடுவர்?

ஹேவோன் யம் எழுதி வரைந்த 'இரட்டையரின் போர்வை' (2011) இன்னும் நுட்பமானது. பிறந்தது முதல் ஒரே போர்வையைப் பகிர்ந்த சிறுமியர் இருவர் அது போதாமல் பிணங்குகின்றனர். தாய் மஞ்சளில் ஒன்றும் இளஞ்சிவப்பில் ஒன்றுமாகப் புதுப் போர்வைகள் தைத்துத் தருகிறாள். இங்கும் நிறமே அடையாளம். ஆனால், அதை அவர்கள் விரும்பிக் கேட்டுப் பெற்றிருக்கின்றனர். இரவில் இருவருக்கும் உறக்கம் வரவில்லை. ஒருத்தியின் கை மற்றொருத்தியை நோக்கி நீள்கிறது. மடிப்பேதும் இல்லாத இந்நூலை வகுப்பில் படித்துக் காட்டும் ஆசிரியர், "இவள் யார்?" என்று வினவுவதைவிட, "முதலில் கை நீட்டியவள் எவள்?" என்று கேட்கலாம். அதற்கு விடை சொல்லக் குழந்தை ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டவேண்டியிருக்கும்.